காசும் காதும்

வீட்டிலிருந்து நல்லிசை கேட்பதற்கென உயர்ந்த ரக ஒலிபெருக்கிகள் இரண்டு வாங்க எண்ணிய அன்பர் ஒருவர் எமக்கு எழுதியிருக்கின்றார். அண்மையில் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர். பணிக்கொடையில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கி வைத்துள்ளார். பெரிய பெட்டியா, சிறிய பெட்டியா, எத்தனை வாற்று வேண்டும் என்பன அவருடைய வினாக்கள். ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பு இவ்வினாக்களில் அடங்கியிருத்தலின், இவற்றை விளையாட்டாகக் கொள்ளுதல் தகாது.

முதலில் வாற்றுக் கணக்கை நோக்குவோம். ஒலிபெருக்கிக்குரியதாகக் கூறப்படும் வாற்று, அது பழுதுறாமல் எவ்வளவு மின்வலுவைத் தாங்கும் என்பதையே குறிக்கும். இசையின் தரத்தைக் குறிப்பதன்று. வலுவை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மாத்திரமே உயரும். செவிக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்றுதற்கோ ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். ஆகவே 50 வாற்றுக்கும் 100 வாற்றுக்கும் உள்ள வேறுபாடு விலைப்பட்டியலில் பெரிதாயினும் செவியில் சிறிதே.

இனி, பெட்டியின் அளவு. தாழ்ந்த ஒலிகளை எழுப்பக் காற்றைப் பெருமளவில் அசைத்தல் வேண்டும். அதற்குப் பெரிய கூம்பும் பெரிய பெட்டியும் உதவும் என்பது மெய்யே. ஆயின் சிறியன எல்லாம் தரங்குறைந்தன என்று முடிவுகட்டலாகாது. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய பி.பி.சி. 1970 ஆம் ஆண்டுகளில் எல்.எஸ்.3/5ஏ என்னும் ஒலிபெருக்கியை ஆக்கிற்று. அதன் உயரம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் மாத்திரமே. வெளியிட ஒலிபரப்புக்குச் செல்லும் வாகனத்தினுள்ளே பெரிய பெட்டிக்கு இடமில்லாமையால் அது பிறந்தது. மிகத் தாழ்ந்த ஒலிகளும் பேருரப்பும் அதற்கு எட்டா. எனினும் மனிதக் குரலை இயல்பாகத் தருவதால், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் இசையன்பர் அதனை விரும்பி வாங்குகின்றனர்.

பி.பி.சி. ஆராய்ச்சியாளர் தம் ஒலிபெருக்கிகளைக் கருவிகளால் அளந்ததோடு அமையவில்லை. கலையகத்தில் பேசுவோரின் நேர்க்குரலோடும் ஒப்பிட்டுக் கேட்டனர். இம்முறையை நாமும் கைக்கொள்ளலாம். பிறந்த நாள் முதலாக நாம் கேட்டுவருவது மனிதக் குரல். அதில் மூக்கொலி சற்று மிகுந்தாலும், சகர ஒலி சற்றுச் சீறினாலும், எவ்விதப் பயிற்சியும் இல்லாத செவியும் உடனே உணரும்.

செவியை ஏமாற்றுவது பெரும்பாலும் கண்ணே. ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த புளொயிட் ரூல், ஷோன் ஒலிவ் என்னும் ஆய்வாளர் 1994 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதே கேட்போர், அதே ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது ஒருவிதமாகவும், கண்டு கேட்டபோது வேறுவிதமாகவும் மதிப்பிட்டனர். பெட்டியின் தோற்றமும் பெயரும் தீர்ப்பை மாற்றிவிட்டன. மேலும், இரண்டனுள் சற்று உரத்து ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றும். ஆதலின் கடையில் இரண்டையும் ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்து, கண்களை மூடிக்கொண்டு கேட்டல் நன்று.

கடைக்குத் தனியே செல்லாமல் மனைவியாரையும் மக்களையும் உடன் அழைத்துச் செல்லுமாறு அன்பரை வேண்டுகின்றோம். இளம்பருவத்தில் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும் செவி, வயது ஏறஏற உச்ச ஒலிகளை இழந்துவிடும். தந்தைக்கு இனிதாகத் தோன்றும் பெட்டி, அவர் கேளாத கீச்சொலியால் மகளைத் துன்புறுத்தக்கூடும். நாள்தோறும் வீட்டார் அனைவரும் கேட்கவிருக்கும் பொருளை ஒருவர் செவி மாத்திரம் தெரிவுசெய்தல் முறையன்று.

கடையில் நன்றாக ஒலித்தது வீட்டில் அவ்வாறே ஒலிக்கும் என்பதும் நிச்சயமில்லை. எமது வீடுகள் பலவற்றில் சீமெந்துத் தரையும் வெறுஞ் சுவர்களுமே உண்டு. ஒலி அவற்றிற் பட்டுத் தெறித்துச் சொற்களைக் குழப்பும். ஒரு தடித்த கம்பளம், திரைச்சீலை, நூல்கள் நிறைந்த அலுமாரி ஆகியன இக்குறையைப் பெரிதும் தணிக்கும். பெட்டிகளை மூலையில் ஒதுக்கி வைத்தால் தாழ்ந்த ஒலி மிகைபட்டு, மிருதங்கத்தின் தொப்பி முழக்கம் பாடகரின் குரலையே மூடிவிடும். சுவரிலிருந்து சற்று முன்தள்ளி, இரு பெட்டிகளும் கேட்போரும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமையுமாறு வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே அன்பருக்கு நாம் கூறுவது இது: நன்கு பழகிய குரலிசைப் பதிவு ஒன்றையும், பேச்சுப் பதிவு ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். பத்து நிமிடத்தில் முடிவு செய்யாது ஒரு மணி நேரமாவது கேளுங்கள். முழுப் பணத்தையும் செலுத்துமுன், சில நாட்கள் வீட்டில் வைத்துக் கேட்க இசைவு கேளுங்கள். குரல் இயல்பாக ஒலித்து, நெடுநேரம் கேட்டும் செவி களைப்படையாதிருந்தால், விலை குறைந்ததாயினும் அதனையே வாங்குங்கள். ஒதுக்கிய தொகை முழுவதையும் செலவிட வேண்டும் என்ற நியதி இல்லை. எஞ்சிய பணத்தில் முதலில் அக்கம்பளத்தை வாங்கலாம்.