பழைய அம்பாசடருக்கு எந்தப் பம்ப்?

பழைய காரின் எரிபொருள் பம்ப் பழுதானால், கடையில் இருப்பவற்றுள் விலை கூடியதையும் விசை மிகுந்ததையும் வாங்கிப் பொருத்திவிடுவதே பாதுகாப்பு என்று பலர் கருதுகின்றனர். மெக்கானிக்குகளிலும் சிலர் அவ்வாறே கூறுகின்றனர். இக்கருத்து தவறானது, பணத்துக்கும் கேடு, உயிருக்கும் கேடு என்பது நம் நிலைப்பாடு. அம்பாசடர் பிறந்த ஊரை ஒட்டியுள்ள கொல்கத்தாவில் இருந்துகொண்டு இதைச் சொல்வது பொருத்தமாகவே இருக்கும்.

ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 2014 மே மாதத்தில் உற்பத்தியை நிறுத்தியது. ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி 1950களின் இறுதியில் தொடங்கிய ஒரு வாகனத்தின் கதை அத்துடன் முடிந்தது. அம்பாசடர் என்னும் பெயர் 2017இல் பிரான்சு நாட்டின் பெஜோ நிறுவனத்துக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. பெயருக்கு 80 கோடி கிடைத்தது. ஆனால் அந்தக் காரை இன்னும் வீட்டில் வைத்திருப்பவருக்கு ஒரு பம்ப் கொடுக்க ஆலை இல்லை. ஆகவே அவர் கடைத்தெருவை நம்பியே இருக்க வேண்டும். பணியிட மாற்றத்தில் இங்கு வந்து, முந்தைய உரிமையாளரிடமிருந்து அம்பாசடர் ஒன்றை ஆசையோடு வாங்கி வைத்திருக்கும் நம் தமிழ் அன்பர்களுக்கும், லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறைகளாக வாழ்ந்து தந்தையின் காரை விட மனமில்லாமல் காத்து வருவோருக்கும் இதுவே நிலை.

கடைத்தெருவில் முதலில் வரும் இடர் சொல்லிலேயே இருக்கிறது. கொல்கத்தாவில் ‘பெட்ரோல் பம்ப்’ எங்கே என்று கேட்டால், நாம் பங்க் என்று சொல்லும் இடத்துக்கே வழிகாட்டுவார்கள். உதிரிப்பாகக் கடையில் ‘ஃப்யூவல் பம்ப்’ என்றே கேட்க வேண்டும். பழைய மெக்கானிக்குகள் சிலர் ‘ஏ.சி. பம்ப்’ என்பர், குளிர்சாதனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அப்பெயரில் பாகங்கள் செய்த ஆல்பர்ட் சாம்பியன் என்பாரின் முதலெழுத்துகள் அவை.

அடுத்த இடர் சற்றுப் பெரியது. ‘அம்பாசடர் பம்ப்’ என்று கேட்பது அரைக் கேள்வியே. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் அம்பாசடர்களின் உள்ளே வெவ்வேறு இயந்திரங்கள் உள்ளன. நெடுங்காலம் வந்தது 1,489 சி.சி. பெட்ரோல் இயந்திரம். 1990களின் தொடக்கத்தில் இசுசு நிறுவன வடிவமைப்பில் 1,800 சி.சி. பெட்ரோல் இயந்திரம் வந்தது. அதிலும் முதலில் கார்புரேட்டர், பின்னர் எம்.பி.எஃப்.ஐ. என்னும் எரிபொருள் பீய்ச்சும் முறை. டீசல் வண்டிகள் தனி. பதினைந்து ஆண்டு வரம்பால் சாலையை விட்டு விலகிவரும் மஞ்சள் டாக்சிகளின் பாகங்கள் மல்லிக் பஜாரில் குவிந்து கிடப்பதைக் கண்டு, அங்கே எல்லாம் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த டாக்சிகளுள் பெரும்பாலானவை டீசல். அவற்றின் பம்ப் பெட்ரோல் காருக்கு உதவாது. இயந்திர எண்ணையும் ஆண்டையும் ஆர்.சி. புத்தகத்திலிருந்து குறித்துக்கொண்டு, இயலுமாயின் கழற்றிய பழைய பம்பையும் கையோடு கொண்டு செல்வதே முறை.

கார்புரேட்டர் உள்ள அம்பாசடரின் பம்ப் மிக எளிய கருவி. இயந்திரத்தின் பக்கவாட்டில் அது பொருத்தப்பட்டிருக்கும். கேம் ஷாஃப்ட் சுழலும்போது அதிலுள்ள மேடு ஒரு நெம்புகோலைத் தள்ளுகிறது. நெம்புகோல் டயாஃப்ரம் என்னும் ரப்பர் பூசிய மென்தகட்டை இழுக்கிறது. பின்னாலுள்ள டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. ஒரு வில்சுருள் அதைக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. இயந்திரம் நின்றால் பம்பும் நிற்கும். இது தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் மூன்று பவுண்டு மட்டுமே. அது குறையன்று, கார்புரேட்டருக்குத் தேவையே அவ்வளவுதான். கார்புரேட்டரின் உள்ளே மிதவையும் அதனோடு இணைந்த சிறிய ஊசியும் பெட்ரோலின் வரவைத் திறந்து மூடுகின்றன. அந்த ஊசி தாங்கும் அழுத்தமும் அவ்வளவே.

இப்போது எம்.பி.எஃப்.ஐ. கார்களின் மின்பம்பைப் பாருங்கள். அது தருவது சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுக்கும் மேல். ‘இதுதான் புதிது, இதுதான் வலிமையானது’ என்று அதைக் கார்புரேட்டர் வண்டியில் பொருத்தினால் மிதவை ஊசியால் தடுத்து நிறுத்த இயலாது. பெட்ரோல் கார்புரேட்டரிலிருந்து வழிந்து, கொதிக்கும் இயந்திரத்தின் மேல் இறங்கும். சித்திரை வெயிலில், ஹௌரா பாலத்து நெரிசலில், பின்னிருக்கையில் பிள்ளைகள் அமர்ந்திருக்கும்போது இது நிகழ்ந்தால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

குறைந்த அழுத்த மின்பம்ப் என்பது வேறு வகை. அதற்கு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. இயந்திரத்தோடு ஒட்டிய பம்ப் சூடாகும்போது குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆவியைப் பம்பால் இழுக்க முடியாது, வண்டி நின்றுவிடும். இதையே வேப்பர் லாக் என்கின்றனர். கோடையில் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டிய தலைமுறையினருக்கு இது புதிதன்று. டேங்கின் அருகே பொருத்தப்படும் மின்பம்ப் பெட்ரோலை இழுப்பதற்கு மாறாகத் தள்ளுவதால் இத்தொல்லை குறையும். நாள்கணக்கில் நின்ற வண்டியும் எளிதில் கிளம்பும். ஆயினும் விபத்தில் இயந்திரம் நின்ற பிறகும், சாவி திறந்த நிலையிலேயே இருக்குமானால், மின்பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குழாய் அறுந்திருந்தால் சாலையில் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே ஆயில் அழுத்தம் இல்லாதபோதோ மோதல் நேரும்போதோ மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு, தனி ஃப்யூஸ், ரிலே, அழுத்தம் மிகாமல் காக்கும் ரெகுலேட்டர் ஆகியவை இல்லாமல் அதைப் பொருத்துவதை நாம் ஏற்க மாட்டோம். பம்பை மட்டும் வாங்கிக்கொண்டு இவற்றை ‘பிறகு பார்க்கலாம்’ என்று விடுவதே பெரும்பாலும் நடக்கிறது. சிலர் பழைய பம்பையும் இருக்குமிடத்திலேயே விட்டுவிட்டு மின்பம்பை வரிசையில் சேர்ப்பர். பழைய டயாஃப்ரம் கிழிந்திருந்தால் மின்பம்ப் பெட்ரோலை நேரே இயந்திர ஆயிலுக்குள் தள்ளும். ஆயில் நீர்த்துப்போய் பேரிங்குகள் தேயும். பம்பில் தொடங்கிய செலவு இயந்திரத்தைப் பிரித்துப் போடுவதில் முடியும்.

எனவே கார்புரேட்டர் அம்பாசடர் உரிமையாளர் பெரும்பாலோருக்கு நம் பரிந்துரை, அதே வகை மெக்கானிக்கல் பம்ப். அதிலும், பழைய பம்பின் உடல் நலமாக இருப்பின், டயாஃப்ரமும் வால்வுகளும் அடங்கிய பழுதுபார்ப்பு கிட். கடைக்காரருக்கு இதில் ஆதாயம் குறைவு. ஆகவே அவராக இதை எடுத்துரைக்க மாட்டார். நாமே கேட்க வேண்டும்.

கேட்கும்போது மறக்கக் கூடாத ஒன்று உண்டு. அம்பாசடரை வடிவமைத்தவர்கள் அறியாத பெட்ரோலையே நாம் இன்று நிரப்புகிறோம். 2022இல் நாடு 10 விழுக்காடு எத்தனால் கலப்பை எட்டியது. 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. பழைய நைட்ரைல் ரப்பர் டயாஃப்ரங்களும் ஹோஸ்களும் எத்தனாலில் ஊறி உப்புவதும், பின்னர் விறைத்து வெடிப்பதும் உண்டு. சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பின் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்றும், அது செலவு குறைந்த, எளிய வேலை என்றும் பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் விளக்கம் வெளியிட்டது. எளிய வேலைதான்; ஆனால் அது யாருக்காவது நினைவில் இருக்க வேண்டும். அலமாரியில் பத்து ஆண்டுகள் உறங்கிய ‘ஒரிஜினல்’ கிட்டை விட, எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோரோகார்பன் ரப்பரில் செய்த புதிய கிட் மேலானது. கடைக்காரர்கள் அந்த ரப்பரை வைட்டான் என்று அழைப்பர். பழமையை மதிப்போருக்கு இது கசப்பாக இருக்கலாம். எத்தனால் காற்றின் ஈரத்தையும் ஈர்க்கும். கொல்கத்தாவின் மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிற்கும் காரின் டேங்கில் நீர் சேர்ந்து, துருவாகிப் பம்பை வந்தடையும். பம்பின் மேலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் செந்துகள் படிந்திருந்தால் பழுது டேங்கில் இருக்கிறது என்று அறிக.

உண்மையில், குற்றமற்ற பம்புகள் பல தூக்கி எறியப்படுகின்றன. ஃபில்டர் அடைத்திருக்கலாம்; டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைந்திருக்கலாம்; ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்து பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கலாம். வாங்குவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்யச் சொல்லலாம். இயந்திரம் குளிர்ந்திருக்கையில், தீப்பொறி எழாதபடி இக்னிஷன் கம்பியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயை ஒரு புட்டியில் விட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், பெட்ரோல் விட்டுவிட்டு வலுவாகப் பாய வேண்டும். பாய்ந்தால் பம்ப் பெரும்பாலும் நலமே. அழுத்தமானி இருந்தால் ஐயமே இல்லை. டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்ப்பது இன்னும் எளிது. ஆயிலில் பெட்ரோல் வாடை வீசினால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது என்று கொள்ளலாம். அந்நிலையில் பம்போடு ஆயிலையும் மாற்றியே தீர வேண்டும்.

வங்கியில் அமர்ந்திருக்கும் நமக்குப் பம்பைப் பற்றி என்ன கவலை என்று சிலர் வினவலாம். வாகனத்துக்காகச் செலவிடப்படும் பணத்தை நாள்தோறும் பார்ப்பவர்கள் நாம். புதிய வண்ணம், இருக்கை உறை, பளபளக்கும் பம்பர் ஆகியவற்றுக்குத் தயங்காமல் செலவிடுவோர், கண்ணுக்குத் தெரியாத எரிபொருள் குழாய்க்குப் பேரம் பேசுகின்றனர். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: கிட் வாங்கி மிச்சமாகும் தொகையில் டேங்க் முதல் கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸ்களையும் கிளிப்புகளையும் மாற்றிவிடலாம். ஹோஸின் மேல் எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 என்ற குறி இருந்தால் நன்று.

காப்பீடு இருக்கிறதே என்ற நிம்மதிக்கும் எல்லை உண்டு. வழக்கமான மோட்டார் காப்பீடு இயந்திரப் பழுதையும் தேய்மானத்தையும் ஏற்பதில்லை. ஆகவே பம்ப் கெட்டதற்கு இழப்பீடு கேட்க இயலாது. விபத்தில் சேதமான ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி மதிப்பே கணக்கிடப்படும்; பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியின் உலோகப் பாகங்களுக்கும் அவ்வாறே. ஐந்து ஆண்டு கடந்த காரின் காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு, தம் கார் எரிந்தால் ஒரு ரூபாயும் வராது. பழைய அம்பாசடர்களில் இப்படி இருப்பவை பல என்பது நம் அனுபவம்.

பில் கேட்டு வாங்குவதிலும் தயக்கம் வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப்பாகங்கள் அனைத்துக்கும் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடே, முன்னர் பலவற்றுக்கு 28 விழுக்காடு இருந்தது. ‘பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்’ என்னும் பேச்சுக்கு இப்போது கவர்ச்சி குறைவு. போலிகள் உலவும் சந்தையில், பில் இல்லாத பம்பைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை.

பொருத்தும் நாளில் உரிமையாளர் அருகில் இருப்பது நல்லது. புதிய பம்பின் நெம்புகோல், பழையதன் நீளமும் வளைவும் கொண்டதா என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பம்புக்கும் இயந்திரத்துக்கும் இடையில் வெப்பத்தைத் தடுக்கும் தடித்த அட்டைத் துண்டு இருந்தால் அது மீண்டும் அவ்விடத்திலேயே அமர வேண்டும். அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் பம்பை நேரே முடுக்கினால் நெம்புகோல் அளவுக்கு மீறி அழுந்தும், வெப்பமும் ஏறும், மறுபடியும் ஈரத்துணிதான். இயந்திரத்தை ஓட விட்டு, இணைப்புகளைச் சுற்றி உலர்ந்த தாளால் ஒற்றிப் பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பம்பைக் கடையிலோ பட்டறையிலோ விட்டுவிட வேண்டாம். உத்தர்பாராவிலிருந்து வந்த காரோடு வந்த அந்த வார்ப்பு உடல், இன்று விற்கும் பலவற்றை விட உறுதியானது. அதைத் துடைத்து, எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி டிக்கியில் வைத்திருந்தால் அடுத்த கிட்டுக்கு அதுவே உதவும்.