கனடாவிலிருந்து வந்த காற்சட்டை



தைப்பொங்கலுக்கு மூன்று நாட்கள் இருக்கையில் எங்கள் வீட்டிற்கு ரொறன்ரோவிலிருந்து ஒரு பொதி வந்து சேர்ந்தது. அங்கே குடும்பம் நடத்தும் என் இளைய மகள், பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த தன் பெறாமகளுக்கு அனுப்பிய பரிசு அது. சொக்கிலேற்று, வாசனைத் தைலம், எனக்கென்று ஒரு கம்பளிச் சால்வை (யாழ்ப்பாணத்து வெயிலில் அதை எப்போது போர்ப்பது என்று என்னைக் கேளாதீர்கள்), எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிய காகிதத்திற் சுற்றிய ஒரு நீல ஜீன்ஸ்.

அந்த ஜீன்ஸைக் கண்டதும் பேத்தியின் முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. காலோடு ஒட்டி நிற்கும் ஒடுக்கமான வெட்டு. இடையில் இப்படிப்பட்டவை பழசாகிவிட்டன என்று சொல்லி அகலக் காலுக்கு மாறிய பிள்ளைகளும் உண்டு. ஆனால் என் பேத்திக்கு ஒடுக்கந்தான் விருப்பம். அறைக்குள் ஓடிப்போய் அணிந்து பார்த்தாள். வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கட்டிலில் இருந்தாள். இடுப்புப் பட்டியின் பொத்தானுக்கும் துளைக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி. "பரவாயில்லை அம்மம்மா" என்றாள். மடித்து அலுமாரியில் வைத்தாள்.

மறுநாட் காலை அவள் இடியப்பத்தைத் தொடவில்லை. வயிற்றுக்குச் சரியில்லையாம். பொங்கலன்றும் ஒரு கரண்டி பொங்கலோடு எழுந்துவிட்டாள். மாட்டுப் பொங்கலன்று படுக்கையை உதறப் போன எனக்குத் தலையணையின் கீழே என் தையற் பெட்டியின் அளவுநாடா அகப்பட்டது. அப்போதுதான் விஷயம் விளங்கிற்று. பிள்ளை காற்சட்டைக்குத் தக்கபடி தன்னைக் குறுக்கிக்கொண்டிருக்கிறாள்!

வளரும் பிள்ளையைப் பட்டினி கிடக்கச் செய்த அந்தத் துணியை எடுத்து விரித்துப் பார்த்தேன். உட்புறத்தில் ஒரு சிறு லேபிள் தொங்கியது. 98 வீதம் பருத்தி, 2 வீதம் இலாஸ்டேன். அதற்குக் கீழே, இலங்கையில் தயாரிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நம் நாட்டிலே தைத்து, கடல் கடந்து போய், கனடாக் கடையில் டொலர் கொடுத்து வாங்கப்பட்டு, மீண்டும் தபாற் செலவு கொடுத்து நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது!

எனக்கு என் சிறு பருவம் நினைவுக்கு வந்தது. 1970களின் முற்பகுதியில் வெளிநாட்டுச் செலாவணி இல்லாமல் இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த காலம். நல்ல துணிக்குக் கூட்டுறவுச் சங்கக் கடை வாசலில் வரிசையில் நின்றிருக்கிறோம். வெளிநாட்டுத் துணி ஒரு முழம் கிடைத்தாலும் அது ஊர்ப் பேச்சாகும். 1977ஆம் ஆண்டில் வாசல் திறந்தது. மறு வருடம் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றிற்று. செல்வந்த நாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இவ்வளவு ஆடைதான் வரலாம் என்று 1974 முதல் அளவு விதித்திருந்தன. தங்கள் பங்கு முடிந்துபோன கிழக்காசிய முதலாளிகள், பங்கு மீந்திருந்த நம் போன்ற நாடுகளுக்கு இயந்திரங்களோடு வந்தார்கள். 1992இல் கிராமங்கள்தோறும் 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டம் வந்தது. யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர் கிளிநொச்சியிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. இன்று நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய 40 வீதம் ஆடையால் வருகிறது. அதைத் தைக்கும் கைகளிற் பெரும்பாலானவை பெண்களின் கைகள்.

நிற்க. ஜீன்ஸ் என்ற இந்த உடையின் பிறப்பும் ஒரு பெண்ணின் கவலையிலிருந்தே தொடங்கியது என்று படித்தபோது வியந்தேன். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ என்னும் ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்றொரு தையற்காரர் இருந்தார். ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி அவரிடம் வந்து, தன் கணவனின் காற்சட்டை அடிக்கடி கிழிந்து போகிறது, கிழியாத ஒன்று தைத்துத் தாருங்கள் என்று கேட்டாள். அவர் பொக்கற்று ஓரங்களிற் செப்பு ஆணி அடித்துக் கொடுத்தார். பின்னர் துணி வியாபாரியான லீவை ஸ்ட்ராஸுடன் கூட்டுச் சேர்ந்து, 1873ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி அதற்குக் காப்புரிமை பெற்றார். கிழியக்கூடாது என்று ஒரு மனைவி கேட்டுப் பிறந்த காற்சட்டையை இன்று முழங்காலிற் கிழித்து, கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். காலத்தின் கோலத்தைப் பாருங்கள்!

அந்த நீலமும் நமக்குப் புதிதன்று. பம்பாயின் டொங்ரி என்னும் இடத்தின் பெயரிலிருந்தே முரட்டுத் துணிக்கு ஆங்கிலேயர் டங்கரீ என்ற பெயரை வைத்தார்கள். நீலச் சாயம் நமது அவுரிச் செடியின் சாயம். ஜெர்மானியர் 1897இல் அதை இரசாயன முறையில் செய்து சந்தைக்குக் கொண்டுவரும் வரை உலகத்தின் நீலத்திற் பெரும்பங்கு இந்திய மண்ணிலே விளைந்தது. உடலை ஒட்டி நிற்கும் இந்த இழுவைதான் புதியது. 1958இல் ஜோசப் ஷிவர்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டுபிடித்த இழைதான் லேபிளில் 2 வீதம் என்று எழுதியிருக்கும் இலாஸ்டேன்.

இவ்வளவையும் பேத்திக்குச் சொன்னேன். பிள்ளை கேட்டாள், ஆனால் சாப்பிடவில்லை. சரித்திரம் பசியைத் தீர்ப்பதில்லை அல்லவா?

அன்று மாலை அயல்வீட்டு மூத்த பெண் வந்தாள். கட்டுநாயக்கவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தவள், எங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவந்தாள். நாற்காலியிற் கிடந்த ஜீன்ஸைக் கண்டதும், யாருடையது என்று கேளாமலே உட்புறத்தைப் புரட்டினாள். காலின் உட்தையலை விரலால் ஒருமுறை தடவினாள்.

"இந்தத் தையல்தான் அம்மம்மா என்னுடைய வேலை" என்றாள்.

"நீ ஜீன்ஸ் தைக்கிறாயா, பிள்ளை?"

"முழு ஜீன்ஸ் ஒன்றும் நான் தைத்ததில்லை. ஒருத்திக்குப் பொக்கற்று, ஒருத்திக்குச் சிப், ஒருத்திக்குப் பட்டி. எனக்கு உட்கால் தையல். மூன்று வருடமாக உட்கால் தையல்தான். மணித்தியாலத்துக்கு இத்தனை என்று பலகையில் எழுதிவிடுவார்கள்."

பேத்தி மெல்ல அருகில் வந்தாள். "அப்படியென்றால் உங்களிடம் எத்தனை இருக்கும், அக்கா?"

அவள் சிரித்தாள். "ஒன்றும் இல்லை, தங்கச்சி. நாள் முழுக்க அதைப் பார்க்கிறது காணாதோ?"

பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன். பேத்தி என்னை முறைத்தாள். அந்தப் பெண் சற்று நேரம் பேசாதிருந்து, லேபிளைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்த 26 உங்களுடைய இடுப்பில்லை, தங்கச்சி. இது கொம்பனி எழுதித் தருகிற இலக்கம். ஒரு கொம்பனியின் 26 மற்றக் கொம்பனிக்கு 27. ஒரே கட்டாக வெட்டினதிலும் அரை அங்குலம் கூடக்குறைய வந்தால் சரியென்று விட்டுவிடுவார்கள். அதை நம்பியோ நீங்கள் சோற்றை விட்டீர்கள்? இலக்கு முடிய வேண்டுமென்று சாப்பிடாமல் நின்று, இயந்திரத்துக்குப் பக்கத்திலே மயங்கி விழுந்த பிள்ளைகளை நான் தூக்கியிருக்கிறேன். எங்களுக்குச் சாப்பிட நேரமில்லை. உங்களுக்குச் சோறு இருக்கிறது. நீங்களும் பட்டினி கிடக்கிறதோ?"

பேத்தியின் கண்கள் கலங்கின. நான் சொன்ன ஒரு சொல்லும் செய்யாததை அந்த வார்த்தை செய்தது.

"பழைய சிங்கர் இருக்குதோ, அம்மம்மா?" என்று கேட்டு, அவளே வேலையைத் தொடங்கினாள். கால்கள் நான்கு அங்குலம் நீளமாயிருந்தன. அந்த மிகுதியை வெட்டினாள். பின்பக்கத்து நடுத்தையலை மேலிருந்து பிரித்து, பட்டியையும் அவ்விடத்தில் வெட்டி, வெட்டியெடுத்த துணியில் ஒரு முக்கோணத் துண்டை வைத்து இணைத்தாள். தடித்த இடத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டையாக்கி, 16ஆம் இலக்க ஊசி போட்டு மிதித்தாள். ஒன்றரை அங்குலம் கிடைத்தது. பேத்தி அணிந்துகொண்டு வந்தாள், குந்தினாள், எழுந்தாள். பொத்தான் பூட்டியபடியே இருந்தது. அன்றிரவு அவள் சோற்றை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

சகோதரிகளே, பிள்ளைகள் ஜீன்ஸ் அணிவதை நான் குறை சொல்லவில்லை. நம் பாட்டன்மார் கழுசான் அணியத் தொடங்கியபோதும் ஊர் சிரித்தது. 1970களில் பெல்பொட்டம் வந்தபோதும் சிரித்தது. உழைப்பவர்க்கென்று பிறந்த உடை பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிளிற் போகவும், பஸ்ஸில் ஏறவும் உதவினால் நல்லதே. ஆனால் வாங்கும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, லேபிளின் இலக்கத்தை நம்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானாலும், இணையத்தில் வாங்குவதானாலும், பிள்ளைக்கு நன்கு பொருந்தும் பழைய காற்சட்டை ஒன்றை மேசையில் விரித்து அளவெடுங்கள். இடுப்பின் அகலத்தை இரண்டாற் பெருக்கிக்கொள்ளுங்கள். கவட்டிலிருந்து பட்டி வரை, கவட்டிலிருந்து பாதம் வரை, தொடையின் அகலம், காலடியின் அகலம் ஆகிய நான்கையும் அங்குலத்திற் குறித்து அனுப்புங்கள். அன்போடு அனுப்புகிறவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பார்த்த பிள்ளைதான் நினைவில் இருப்பாள்.

இரண்டாவது, விலையை மாத்திரம் பாராமல் தபாற் செலவு, சுங்க வரி, திருப்பி அனுப்ப நேர்ந்தால் அதற்குரிய செலவு ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். அப்படிக் கூட்டியபின், புறக்கோட்டையிலோ நம் நகரத்துக் கடையிலோ அணிந்து பார்த்து வாங்குவதே மலிவாக முடிவதுண்டு. கடையில் அணியும்போது நின்று கண்ணாடி பார்த்தாற் போதாது. குந்தியெழுந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அளவுக்கு மீறிய இறுக்கம் வேண்டாம். 2015ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரத்து வைத்தியர்கள் ஒரு செய்தியை எழுதினார்கள். 35 வயதுப் பெண்ணொருத்தி இறுக்கமான ஜீன்ஸுடன் பல மணித்தியாலம் குந்தியிருந்து, உறவினர் வீட்டு அலுமாரிகளை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். கால்கள் மரத்து, நடக்க இயலாமல் விழுந்தாள். வீங்கிய காலிலிருந்து காற்சட்டையை வெட்டியே எடுக்க வேண்டியிருந்தது. நான்கு நாட்கள் வைத்தியசாலையில் இருந்தாள். நம் வெயிலுக்கு மெல்லிய டெனிம் துணியே நல்லது.

நான்காவது, புதிய துணியிலேயே செயற்கையாக வெளிறச் செய்த ஜீன்ஸுக்கு ஆசைப்படுமுன் சற்று யோசியுங்கள். துருக்கியில் அந்த வெளிறலுக்காக மணலை வேகமாகப் பீச்சியடித்த இளைஞர்கள் அந்தத் தூசைச் சுவாசித்து, நுரையீரல் நோய் கண்டு மாண்டார்கள். 2009இல் அந்நாடு அம்முறையைத் தடைசெய்தது. நல்ல நீலத்தை வாங்குங்கள். உட்புறம் வெளியாகத் திருப்பி, குளிர்ந்த நீரில், முதல் இரண்டு முறை தனியாகக் கழுவி நிழலிற் காயவிடுங்கள். வெளிறல் தானே வரும், யார் நெஞ்சையும் அரிக்காமல்.

விடுமுறை முடிந்து அயல்வீட்டுப் பெண் கொழும்பு பஸ் ஏறியபோது பேத்தியும் நானும் சந்தி வரை சென்றோம். தனக்கு வந்த சொக்கிலேற்றில் பாதியை அவள் பையில் திணித்துவிட்டு, "சாப்பிடாமல் இருக்கக்கூடாது, அக்கா" என்றாள் பேத்தி. அதைக் கேட்டு அந்தப் பெண் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ரொறன்ரோவுக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: மகளே, பரிசு நன்று. இனி அனுப்புமுன் அளவு கேள்.

உங்கள் வீட்டிலும் தலையணையின் கீழே அளவுநாடா இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அடுத்த ஞாயிறு மீண்டும் சந்திப்போம்.