அட்டைக்கு இல்லாத இடம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை நான்கு ஸ்கேன் சென்டர்களின் மேசைமீது வைத்தேன். நான்கு இடங்களிலும் யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை. எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இடுப்பிலிருந்து இடது கால் வரை மரத்துப்போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. நாற்பது ஆண்டுகள் நாற்று நட்டும் களை எடுத்தும் குனிந்த முதுகு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதித்த மருத்துவர் உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். தாமதமானால் கால் செயலிழக்கலாம் என்றும் சொன்னார். அங்கே ஸ்கேன் எடுக்கக் கிடைத்த தேதியோ பத்தொன்பது நாள் கழித்து. அந்த ஊழியர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரே இயந்திரம், வராண்டா முழுக்க மக்கள். "காப்பீட்டு அட்டை இருக்குல்ல தம்பி, வெளியில எடுத்துப் பாருங்க" என்று அவர்களே அக்கறையோடுதான் சொன்னார்கள்.

வெளியே கிளம்பினோம். முதல் இடத்தில், "உள்நோயாளியா சேர்ந்தாதான் கார்டு செல்லும்" என்றார்கள். இரண்டாவது இடத்தில், "அந்த ஸ்கீம் இப்ப பண்றதில்லை" என்றார்கள். சொன்னவரின் தலைக்கு மேலேயே திட்டத்தின் பலகை தொங்கியது. மூன்றாவது இடத்தில், "டாக்டர் ரிப்போர்ட் கொடுக்க மாட்டார்" என்றார்கள். அந்த ரேடியாலஜிஸ்ட்டை நாங்கள் பார்க்கவே இல்லை. வேறு ஊரில் உட்கார்ந்து கணினியில் படம் பார்த்து அறிக்கை அனுப்புபவராம். நான்காவது இடத்தில், "கார்டுக்கு இந்த வாரம் ஸ்லாட் இல்லை" என்றார்கள்.

அங்கேதான் இரண்டு விசயங்கள் நடந்தன. எங்களுக்குப் பின்னால் வந்தவரிடமும் அதே அட்டைதான் இருந்தது. அவர் கைப்பேசியில் யாரையோ அழைத்து வரவேற்பாளரிடம் கொடுத்தார். "சரிங்க டாக்டர்" என்ற இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்தது. அவருக்கு மாலை நான்கு மணி கிடைத்தது. நான் வெளியே போய், அம்மாவின் கம்மலை அடகு வைத்து, ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாயோடு திரும்பினேன். இருபது நிமிடத்தில் அம்மாவை உள்ளே அழைத்தார்கள். அட்டைக்கு இல்லாத இடம் பணத்துக்கும் போனுக்கும் இருந்தது.

இதைச் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கிறார்கள்: "இது காசுப் பிரச்சினைதானே, இதில் சாதி எங்கே வந்தது?" நியாயமான கேள்வி. ஏழை எந்தச் சாதியில் இருந்தாலும் திருப்பி அனுப்பப்படுகிறார் என்பதும் உண்மை. எங்களிடம் யாரும் சாதி கேட்கவில்லை. ஆனால் அட்டையில் முகவரி இருக்கிறது, அதில் 'காலனி' என்று இருக்கிறது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வரவேற்கிறோம். எங்கள் அட்டைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

முகவரியை விடுங்கள். அந்தப் போனைப் பாருங்கள். ஒரே திட்டம், ஒரே அட்டை, ஒரே வரிசை. வேறுபாடு ஒன்றுதான்: அழைத்தால் எடுக்கும் ஒரு டாக்டர் அவருக்கு இருந்தார், எங்களுக்கு இல்லை. மாமா, சித்தப்பா, ஊர்க்காரர், சம்பந்தி என்று நீளும் அந்தத் தொடர்பு வலையைப் பின்னியது எது? முனைவர் பட்ட ஆய்வு வரை வந்த எனக்கும் அப்படி ஓர் எண் கைப்பேசியில் இல்லை. ரேடியாலஜி, முதுநிலை மருத்துவப் படிப்புகளில் அதிகம் போட்டியிடப்படும் துறைகளில் ஒன்று. முதுநிலை அகில இந்திய ஒதுக்கீட்டில் மாநிலங்கள் கொடுக்கும் இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இட ஒதுக்கீடு கிடைக்கவே, தமிழ்நாடு நீதிமன்றம் வரை போய்ப் போராடி 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கும், அவர்களை யாரால் போனில் அழைக்க முடிகிறது என்பதற்கும் தொடர்பு இல்லையா?

அண்ணல் அம்பேத்கர் தன் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில், 1929 இல் காத்தியவாரைச் சேர்ந்த ஒரு தீண்டப்படாத ஆசிரியருக்கு நேர்ந்ததைப் பதிவு செய்கிறார். பிள்ளை பெற்று நோயுற்றுக் கிடந்த மனைவியைப் பார்க்க வந்த மருத்துவர் அவரைத் தொடவில்லை. வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவரிடம் கொடுத்தார், கணவர் மனைவிக்கு வைத்தார். வந்த வழியிலேயே அது திரும்பியது. கட்டணம் மட்டும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் இறந்துபோனார். அன்று தொடாமல் விடப்பட்டது உடல். இன்று எங்கள் அட்டையைத் தொடாமல் விடுகிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. தீண்டாமையின் பெயரால் மருத்துவமனையில் அனுமதி மறுப்பது 1955 ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 இல் வந்த திருத்தமும் மருத்துவமனைக்குள் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் எங்களை யாரும் வாசலில் தடுக்கவில்லை. உள்ளே விட்டார்கள், நாற்காலி கொடுத்தார்கள். பிறகு, ஸ்லாட் இல்லை என்றார்கள். வாசலை அறிந்த சட்டத்துக்கு வரவேற்பு மேசையைத் தெரியவில்லை.

ஸ்கேன் சென்டர்காரர்களுக்கும் ஒரு தரப்பு உண்டு. திட்டம் கொடுக்கும் தொகை சந்தை விலையைவிடக் குறைவு, அதுவும் தாமதமாகத்தான் வருகிறது என்கிறார்கள். இருக்கலாம். அந்த வழக்கை அரசோடும் காப்பீட்டு நிறுவனத்தோடும் நடத்தட்டும். கால் மரத்துப்போன ஒரு கூலித் தொழிலாளி அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஒப்பந்தத்தில் சேர்ந்து பலகையும் மாட்டிக்கொண்டு, ஆள் பார்த்து அட்டை வாங்குவது மோசடி.

2009 இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் இப்போதைய பெயரில் நடக்கிறது இந்தத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்பது பெரிய விசயம். எங்கள் தெருவில் இதனால் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு உயிரோடு இருப்பவர்கள் உண்டு. அதனால்தான் இதைக் காப்பாற்றக் கேட்கிறோம். சிகிச்சை மட்டுமல்ல, நோயறியும் பரிசோதனைகளும் திட்டத்தில் இருக்கின்றன. நோய் இன்னதென்று தெரியாமல் ஐந்து லட்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எனவே கேட்கிறோம். திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு ஸ்கேன் சென்டரும் எந்தப் பரிசோதனைகளை அட்டைக்குச் செய்கிறது என்று வாசலிலேயே எழுதிவைக்க வேண்டும். மறுத்தால் காரணம், தேதி, நேரத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். பணத்துக்கும் அட்டைக்கும் ஒரே வரிசை வேண்டும். மறுக்கப்பட்டவர்களின் விவரம் சாதிவாரியாக வெளியிடப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அரசு மருத்துவமனைகளில் கூடுதல் இயந்திரங்களும் அவற்றை இரவிலும் இயக்க ஆட்களும் ரேடியாலஜிஸ்ட்டுகளும் வேண்டும்.

அம்மாவுக்கு முதுகெலும்பு வட்டு விலகி நரம்பை அழுத்தியிருந்தது. அரசு மருத்துவமனையிலேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒரு பைசா செலவில்லை. இப்போது மெல்ல நடக்கிறார். பத்தொன்பது நாள் காத்திருந்தால் நடந்திருப்பாரா என்று நான் மருத்துவரிடம் கேட்கவில்லை. அடகு வைக்கக் கம்மல் இல்லாதவர்கள் இன்றும் அந்த வராண்டாவில் காத்திருக்கிறார்கள்.