தேதி குறிக்குமுன் ஆளைப் பாருங்கள்



"வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன்" என்று வாக்களிப்பது எளிது. அவ்வாக்கைக் காக்க யாருடைய கைகள் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கணக்கிடுவோர் சிலரே. இக்கணக்கைப் போட்டுத் தருவதற்கென்றே கணினியில் திட்டமிடும் மென்பொருள்கள் உள்ளன. நம் பிள்ளைகள் பலர் அலுவலகங்களில் இவற்றை அன்றாடம் கையாள்கின்றனர். கடை நடத்துவோரும், கல்யாண வேலையைச் சுமப்போரும் இவற்றின் அடிப்படையை அறிந்துகொள்வது நலம்.

அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட், வேலைகளைக் கிடைக்கோடுகளாக வரைந்து காட்டும் முறையை 1910-களில் பரப்பினார். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று கணக்கிடும் முறைகளை 1950-களின் இறுதியில் டூபான்ட் நிறுவனமும் அமெரிக்கக் கடற்படையும் வகுத்தன. 1984-இல் வெளிவந்த 'மைக்ரோசாப்ட் ப்ராஜெக்ட்' போன்ற மென்பொருள்கள் இவற்றை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தன.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு தையற்கடையில் பெருநாள் துணிகள் குவிந்துள்ளன. ஒரு நிக்காஹ் வீட்டின் ஆர்டரும் வந்து சேர்கிறது. கடையிலோ ஒரே கட்டிங் மாஸ்டர். வெட்டினால்தான் தைக்கலாம், தைத்தால்தான் காஜா எடுத்துப் பொத்தான் வைக்கலாம், அதன் பிறகே இஸ்திரி. இவ்வரிசையையும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நாட்களையும் பதிந்தால், எந்த வேலை ஒரு நாள் பிந்தினால் கடைசித் தேதியும் பிந்தும், எது சற்றுப் பிந்தினாலும் பாதகமில்லை என்பதை மென்பொருள் காட்டிவிடும்.

இது தேதிக் கணக்கு. இனி ஆள் கணக்கைப் பார்ப்போம். மாஸ்டர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் உழைப்பவர். அதே நாட்களில் பெருநாள் துணிக்கு 6 மணி, நிக்காஹ் துணிக்கு 6 மணி என்று அவர் பெயரில் எழுதினால் 12 மணி ஆகிறது. தேதிப் பட்டியலில் இரண்டு வேலைகளும் அழகாகவே முடிந்துவிடும்! ஆள் பட்டியலைத் திறந்தால்தான் அவர் பெயர் 150 சதவீதச் சுமையோடு சிவப்பெழுத்தில் நிற்பது தெரியும்.

சுமையைச் சமன் செய்யும் வசதியும் இம்மென்பொருள்களில் உண்டு. ஆனால் அது புதிதாக நான்கு மணி நேரத்தைப் படைத்துவிடாது. ஒரு வேலையைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் கடைசித் தேதியும் நகரக்கூடும். தேதியை மாற்றுவதா, ஆர்டரைக் குறைப்பதா, வெட்டத் தெரிந்த இன்னொருவரை முன்கூட்டியே சேர்ப்பதா என்பதை உரிமையாளர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

'முன்கூட்டியே' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரும் மென்பொருள் பணிக்குத் தலைமை தாங்கிய ஃபிரெடரிக் புரூக்ஸ், தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால் தாமதம் மேலும் கூடும் என்று 1975-இல் எழுதினார். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க, ஏற்கெனவே திணறுகின்றவர்களின் நேரமே செலவாகும் அல்லவா?

மற்றொன்றும் உண்டு. நாம் பதிந்த எண்களைத்தான் கணினி கூட்டித் தரும். தொழுகை, உணவு, ஓய்வு, விடுப்பு ஆகியவற்றை மறைத்து எழுதினால் அதன் விடையும் பொய்யாகவே இருக்கும். ஆகவே மணிக்கணக்கை வேலை செய்பவரிடமே கேட்டு எழுதுங்கள். நன்றாக உழைப்பவர் பெரும்பாலும் வாய் திறந்து மறுப்பதில்லை. அதனாலேயே எல்லாச் சுமையும் அவர் தலையில் வந்து விழுகிறது.

கணினி இல்லாத வீட்டிலும் இக்கணக்கைப் போடலாம். அடுத்து வரும் பெருநாளுக்கோ கல்யாணத்திற்கோ ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே செய்பவர் பெயரையும் ஆகும் மணி நேரத்தையும் எழுதுங்கள். பிறகு பெயர்வாரியாகக் கூட்டிப் பாருங்கள். பல வீடுகளில் உம்மாவின் பெயரோ மூத்த மருமகளின் பெயரோதான் வரிக்கு வரி நிற்கும். சிவப்பு மையால் எழுத வேண்டிய பெயர் அதுவே.

வாக்கு ஓர் அமானிதம். பிறர் உழைப்பை நம்பி நாம் தரும் வாக்கிலோ அவர்களுடைய உடல்நலமும் அடங்கியிருக்கிறது. ஆகவே முதலில் ஆளைப் பாருங்கள்; அதன் பிறகு தேதியைக் குறியுங்கள்.