மூழ்கும் பறவைக்குத் திறந்த நீர் வேண்டும்

மேனாம்பேட்டுப் பக்கம் வசிப்பவர்கள் அம்பத்தூர் ஏரியை அறிவீர்கள். சென்னையைச் சுற்றியுள்ள இத்தகைய ஏரிகளில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் வாழ்கின்றன. முக்குளிப்பான் தரையில் தடுமாறி நடக்கும். நீர்க்காகமோ நனைந்த சிறகை விரித்துக் காய வைத்து நிற்கும். இவற்றைக் குறையுள்ள பறவைகள் என்று சிலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று.

நீரில் மூழ்குவதற்கு முதல் தடை எது தெரியுமா? மிதப்பு விசைதான். இறகுகளுக்கிடையே தங்கிய காற்று பறவையை மேலே தள்ளுகிறது. முக்குளிப்பான் இறகுகளை உடலோடு இறுக்கி அக்காற்றை வெளியேற்றுகிறது. நீர்க்காகத்தின் இறகில் வெளிப்பகுதி நனையும், உட்பகுதி நனையாது. ஆகவே மிதப்பும் குறைகிறது, உடல் வெப்பமும் காக்கப்படுகிறது. முக்குளிப்பானின் கால்கள் உடலின் பின்கோடியில், விசைப்படகின் விசிறிபோல் அமைந்துள்ளன. நடைக்கு இடையூறான அதே அமைப்புதான் நீச்சலுக்கு ஏற்றது.

வடகடல்களில் வாழும் ஆக் குடும்பப் பறவைகளின் வழி வேறு. அவை சிறகடித்தே நீருக்குள் நீந்துகின்றன. அவற்றுள் தடித்த அலகு மர் என்ற பறவை 200 மீட்டருக்கும் கீழே மூழ்கியது அளக்கப்பட்டுள்ளது. அதற்கு விலையும் உண்டு. நீருக்கேற்ற குட்டைச் சிறகைக் கொண்டு காற்றில் பறக்க அது மிகுந்த ஆற்றலைச் செலவிட வேண்டும். பெரிய ஆக் பறக்கும் திறனையே இழந்திருந்தது. கரையேறியபோது மனிதரிடம் எளிதில் சிக்கியது. 1844-இல் ஐஸ்லாந்தை அடுத்த எல்டே தீவில், அறியப்பட்ட கடைசி இணையும் கொல்லப்பட்டது.

ஒன்றில் தேர்ந்த உடல் மற்றொன்றில் கைவிடும். இதை மனத்தில் கொண்டு நம் ஏரியைப் பாருங்கள். ஏரியில் தண்ணீர் இருந்தால் போதும் என்பது பலர் எண்ணம். எனக்கு அது போதாது. ஆகாயத்தாமரைப் படர்ப்பின்மேல் நின்று கொக்கு இரை தேடலாம். மூழ்கும் பறவைக்கு அதுவே அடைத்த கதவு. கழிவுநீரால் கலங்கிய நீரில், கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் முக்குளிப்பான் என்ன செய்யும்? வேறு ஏரிக்குப் பறந்து போகட்டுமே என்பீர்கள். எல்லா ஏரிகளும் இப்படியானால்?

எனவே ஏரிக்கரையில் நின்று ஒரு கணக்கெடுங்கள். முக்குளிப்பான் எத்தனை விநாடி மூழ்கியிருக்கிறது? ஏரியில் எவ்வளவு பரப்பு திறந்த நீராக உள்ளது? மாதந்தோறும் குறித்து வையுங்கள். ஏரியைக் காக்கப் பேசும்போது உங்கள் குறிப்பேடு நல்ல சாட்சியாக நிற்கும்.