கல்நார்க் கூரையைப் பிரிப்பவர்கள்

தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் நிலைத்துப்போகக் காரணமான மருத்துவமனையை டாக்டர் சௌரிமுத்து 1928-ஆம் ஆண்டில் க்ஷயரோகிகளுக்காக நிறுவியபோது, திறந்தவெளிக் காற்றே முதல் மருந்து என்பது வைத்திய சாஸ்திரத்தின் கொள்கையாக இருந்தது. அதே ஊரிலும், அதை அடுத்த சேலையூர், செம்பாக்கம், பெருங்களத்தூர்ப் பகுதிகளிலும், வாடகை வருமானத்தை உத்தேசித்து வாங்கப்பட்ட பழைய வீடுகள் புதுப்பிக்கப்படும்போது, மொட்டைமாடிப் போர்ஷனின் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் ஷீட்டுகள் சம்மட்டியால் அடித்து நொறுக்கப்படுவதையும், அந்தத் தூளைத் தலையில் கட்டிய துண்டையே மூக்கில் சுற்றிக்கொண்டு சித்தாள்கள் பெருக்கி அள்ளுவதையும், சில்லுகள் இரவோடிரவாக ஏரிக்கரையில் கொட்டப்படுவதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த வழக்கத்துக்குத் தாம்பரம் மாநகராட்சி முற்றுப்புள்ளி வைக்க வேண்டும் என்பதும், அதற்கான செலவும் பொறுப்பும் வீட்டின் சொந்தக்காரரையே சேர வேண்டும் என்பதும் நமது திடமான அபிப்பிராயம்.

முழுசாக, விரிசலின்றிக் கிடக்கும் ஷீட்டைக் கண்டு யாரும் பீதியடைய வேண்டியதில்லை. அதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காக இருக்கும் கல்நார் இழைகள் சிமெண்டின் பிடியில் கட்டுண்டிருக்கின்றன. உடைக்கும்போதும், துளையிடும்போதும், கிரைண்டரால் அறுக்கும்போதும்தான் அவை விடுபட்டு, கண்ணுக்குப் புலப்படாத நுண்மையோடு காற்றில் மிதந்து, சுவாசகோசத்தின் ஆழத்தில் போய்த் தைத்துக்கொள்கின்றன. ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய சவ்வைப் பற்றும் மீசோதீலியோமா என்னும் கொடிய வியாதிகள் பெரும்பாலும் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டுவதால், இன்று இருமாமல் வீடு திரும்பும் தொழிலாளிக்கு நேர்ந்த தீங்கு அவருக்கே தெரிவதில்லை. அவருடைய சட்டையில் ஒட்டிவந்த தூசு, அதை உதறித் துவைக்கும் மனைவியையும் தீண்டும் என்பது வெளிநாடுகளில் நிரூபணமான சங்கதி.

வெள்ளைக் கல்நாரைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்தினால் அபாயமில்லை என்று கல்நார் ஷீட் தயாரிப்போர் வெகுகாலமாக வாதிட்டு வருகிறார்கள். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிப்பதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை தீர்மானித்திருப்பது ஒருபுறமிருக்க, தொழிற்சாலைக்குள் சாத்தியமென்று சொல்லப்படும் அந்தக் கட்டுப்பாட்டை, மேஸ்திரி அன்று காலையில் அழைத்துவந்த இரண்டு ஆட்கள் ஏறி நிற்கும் மொட்டைமாடியில் யார் செலுத்துவது? ஒரு காலத்தில் நமக்கு இதை ஏராளமாக விற்ற கனடா, 2018-இல் தானே தடை செய்துவிட்டது. கழிவாகிப்போன கல்நார்த் தூளும் இழையும் இந்தியாவுக்குள் இறக்குமதியாவதை நமது அபாயகரக் கழிவு விதிகள் தடுக்கின்றன. நம் வீதியிலேயே உற்பத்தியாகும் அதே தூளுக்கோ கேள்விமுறை இல்லை.

1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தொழிலாளியின் ஆரோக்கியம் ஜீவாதார உரிமையில் அடங்கியது என்று கூறி, கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகளுக்குக் காத்து வர வேண்டுமென்று உத்தரவிட்டது. போற்றத்தக்க தீர்ப்பு அது. ஆயினும் ஷீட்டைச் செய்தவருக்குக் கிட்டிய அந்தப் பாதுகாப்பு, அதே ஷீட்டைப் பிரிப்பவரை எட்டவில்லை. தினக்கூலிக்காரருக்குப் பதிவேடு ஏது, அதை வைத்திருக்க ஒரு முதலாளிதான் ஏது?

கூரையோடு விஷயம் முடிவதில்லை. பழைய அலுவலகங்களில் பதித்த பி.வி.சி. தரை ஓடுகளில் கல்நார் கலந்த ரகமும் உண்டு. அதற்கென்றே இந்தியத் தர நிர்ணயம் ஒன்று, ஐ.எஸ். 3461, இருந்தது. அவற்றையும் அடியிலுள்ள கறுப்புப் பசையையும் சுரண்டித் தேய்க்கலாகாது. மொசைக்கைக் கொத்தும்போது எழும் தூசில் கல்நார் இராது, ஆனால் சிலிக்கா இருக்கும். அதுவும் நுரையீரலின் பகைதான்.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021-இல் உருவான இம்மாநகராட்சி, இடிக்கவோ மாற்றிக் கட்டவோ அனுமதி கேட்கும் ஒவ்வொருவரிடமும் கல்நார் உண்டா என்று எழுத்தில் கேட்க வேண்டும். உண்டென்றால், ஷீட்டுகளைத் தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கி, கனமான பாலிதீனில் சுற்றிக் கட்ட வேண்டுமென்றும், வேலை செய்வோருக்கு நுண்துகளைத் தடுக்கும் சுவாசக் கவசமும் அங்கேயே விட்டுச் செல்லும் மாற்றுடையும் தர வேண்டுமென்றும் நிபந்தனை விதிக்க வேண்டும். அப்படிக் கட்டிய ஷீட்டுகளை மண்டலந்தோறும் பெற்றுக்கொண்டு, கும்மிடிப்பூண்டியில் அபாயகரக் கழிவுகளைப் புதைக்கும் நிலத்துக்கு அனுப்புவது மாநகராட்சியின் கடமை. பெற்றுக்கொள்ள இடமில்லாமல் கொட்டாதே என்று மட்டும் சொன்னால் ஏரிதான் மீண்டும் குப்பைமேடாகும்.

சின்னஞ்சிறு சொந்தக்காரர்களுக்கு இது பாரமாகாதா என்பது நியாயமான கேள்வி. ஒற்றை வீட்டில் தாமே குடியிருப்பவருக்குப் போக்குவரத்துச் செலவை மாநகராட்சி ஏற்கலாம். ஆனால் ஐந்தாறு போர்ஷன்களைப் புதுப்பித்து வாடகையை உயர்த்துகிறவர், புது டைல்ஸுக்கும் பெயிண்டுக்கும் தயங்காமல் பணம் ஒதுக்கும்போது, சில பாலிதீன் சுருள்களுக்கும் இரண்டு நாள் கூடுதல் கூலிக்கும் கணக்குப் பார்ப்பதை நாம் ஏற்பதற்கில்லை. பிரித்த ஷீட்டைப் பழைய சாமான்காரரிடம் விற்று, அது வேறொரு ஏழையின் குளியலறைக் கூரையாவதற்கும் இடம் தரலாகாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, ஆவணியிலும் புரட்டாசியிலும் கூரை வேலை மும்முரப்படும். உத்தரவு ஆடிக்குள் வெளியாக வேண்டும்.