புதிய கைநாட்டுகள்

"இப்படிக் குடுங்கப்பா, நானே பண்ணிடறேன்."

நம் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் இந்த வாக்கியம் ஒரு நாளைக்கு எத்தனை முறை உச்சரிக்கப்படுகிறது என்று நான் கணக்கெடுத்ததில்லை. என் வீட்டில் எத்தனை முறை என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் சொன்னவன் நான். கேட்பதற்கு இது அன்பு மாதிரி இருக்கிறது. பெற்றவரின் சிரமத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் பிள்ளையின் பரிவு மாதிரி இருக்கிறது. அது அன்பு அல்ல, வெறும் அவசரம். அந்த அவசரத்துக்குள்ளே அலட்சியமும் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படிக்கிற அன்பர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். எனக்கு என் மேலேயே வந்த கோபத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

வயதானவர்களுக்குக் கணிப்பொறி சொல்லிக் கொடுப்பது என்றதும், மேஜையையும் பெட்டியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இன்று சாதாரண மனிதனின் கணிப்பொறி அவன் சட்டைப்பையில் இருக்கிறது. என் தகப்பனார் சட்டைப்பையிலும் ஒன்று இருக்கிறது. வாங்கிக் கொடுத்தவன் நான். "அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கித் தந்திருக்கிறேன்" என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டவனும் நான்தான்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு நவம்பரிலும், தாம் உயிரோடிருப்பதற்கு அவர் சர்க்காருக்குச் சான்று காட்ட வேண்டும்; காட்டினால்தான் பென்ஷன். முன்பெல்லாம் நேரில் போய், வரிசையில் நின்று, கையெழுத்திட்டுவிட்டு வருவார். 2014-இல் இதற்கு மின்னணு வழி ஒன்று வந்தது. 2021 முதல், வீட்டில் இருந்தபடியே கைபேசியின் முன்னால் முகத்தைக் காட்டினால் போதும் என்று ஆயிற்று. நல்ல ஏற்பாடுதான். அதை என் வீட்டில் நான் எப்படி நடத்தினேன் தெரியுமா? அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். கைபேசியை வாங்கிக்கொண்டேன். "இங்கே பாருங்க. கண்ணைச் சிமிட்டுங்க. ஆச்சு." முடிந்தது காரியம்! அவர் உயிரோடிருக்கிறார் என்பதற்கு அவருடைய முகம் தேவைப்பட்டது, அவர் தேவைப்படவில்லை. எழுந்து போய்ச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

இப்படியே வருஷங்கள் ஓடியிருக்கும், அந்த மருந்துக்கடை விவகாரம் நடக்காமல் இருந்திருந்தால்.

ஒரு நாள் இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனவருக்குக் கையிலிருந்த பணம் போதவில்லை. கைபேசியில் பணம் அனுப்ப வசதி இருக்கிறது, நான்தான் செய்து வைத்திருந்தேன். எப்படி அனுப்புவது என்பதை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைப் பையனிடம் கைபேசியை நீட்டினார். "தாத்தா, நம்பர்?" என்று அவன் கேட்டான். கடையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டார்!

பையன் யோக்கியன். மாத்திரைக்கு உண்டானதை மட்டும் எடுத்துக்கொண்டான். அது எங்கள் அதிர்ஷ்டம். விஷயம் தெரிந்ததும் நான் குதித்தேன். "யாராவது ரகசிய எண்ணை இப்படிச் சொல்லுவாங்களா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ கேக்கறப்பல்லாம் சொல்றேனே. விஷயம் தெரிஞ்சவங்க கேட்டா சொல்லிடணும்னுதானேடா என்னைப் பழக்கி வெச்சிருக்கே?"

நான் வாயடைத்துப் போனேன். அவருக்கு எதையுமே சொல்லிக் கொடுக்கவில்லை என்றல்லவா எண்ணியிருந்தேன்? கொடுத்திருக்கிறேன்! ஒரே ஒரு பாடத்தை வருஷக் கணக்கில் நடத்தியிருக்கிறேன். 'உங்களுக்கு இது வராது. விஷயம் தெரிந்தவன் ஒருவன் வருவான். அவன் கேட்பதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்' என்பது அந்தப் பாடம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி வயோதிகர்களைக் கொள்ளையடிக்கிற மோசக்காரன் என்ன பேசுகிறான்? "நீங்க சிரமப்படாதீங்க சார். வந்திருக்கிற எண்ணை மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்கிறான். இது யாருடைய வசனம், ஐயா? நம்முடைய வசனம். பிள்ளை உழுது வைத்த வயலில் திருடன் விதைக்கிறான்.

அன்று இரவு அப்பா தம்முடைய பழைய தபாலாபீஸ் கதை ஒன்றைச் சொன்னார். அந்தக் காலத்தில் மணியார்டர் வந்தால், எழுத்தறியாதவர்கள் சாட்சி வைத்துக்கொண்டு கைநாட்டுப் போட வேண்டும். "கையெழுத்துப் போடறவன் பணத்தை எண்ணிப் பார்த்துட்டு, என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துட்டுப் போவான். கைநாட்டு வெக்கறவன் எண்ண மாட்டான். பக்கத்திலே நிக்கிற ஆள்தான் எண்ணுவான்." இவ்வளவுதான் சொன்னார். அந்தப் பக்கத்தில் நிற்கிற ஆள் இன்று யார் என்று எனக்கு விளங்கிவிட்டது. தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டுக் கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வந்த ஒரு சமூகத்தின் முதியவர்களை, நாம் நம் சௌகரியத்துக்காக மறுபடியும் கைநாட்டுகளாக ஆக்கிக்கொண்டிருக்கிறோம்.

"வயதாகிவிட்டது, இனிமேல் மண்டையில் ஏறாது" என்பார்கள். என் அப்பா இருபத்து மூன்று வயதில் மோர்ஸ் தந்திச் சங்கேதம் கற்றவர். வெறும் புள்ளியும் கோடுமாக வருகிற கட்டுக்கட ஓசையைக் காதால் வாங்கிக் கையால் எழுத்தாக்கியவர். 2013 ஜூலையில் இந்த நாட்டில் தந்தியே நின்றுபோயிற்று. அந்த மூளை நின்றுபோய்விடவில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்ததே, நினைவிருக்கிறதா? பகலெல்லாம் வயலிலும் கல்லுடைக்கும் இடத்திலும் பாடுபட்ட பெண்கள், இரவில் விளக்கடியில் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றார்கள்; சைக்கிள் விடவும் கற்றார்கள். நேற்றைய சமாசாரம் வேண்டுமானால் பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். வீடு வீடாகப் போய்க் கைபேசியும் இணையமும் சொல்லிக் கொடுத்து, 2025 ஆகஸ்டில் தங்கள் மாநிலம் முழுவதும் மின்னணு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். கற்றவர்களில் நூறு வயதைக் கடந்த ஒரு பெரியவரும் இருந்தார். நம் வீட்டுப் பெரியவர்கள் மண்டையில் மட்டும் ஏறாதா? ஏறுவதற்குள் நமக்குப் பொறுமை இறங்கிவிடுகிறது என்பதல்லவா உண்மை?

"ஆபத்து அதிகம், தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு" என்பது இன்னொரு வாதம். தண்ணீருக்குப் பயந்து நீச்சல் கற்பிக்காத புத்தி இது. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையில்லை, கொடுப்பதற்குத்தான் தேவை என்கிற ஒரே ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால் பாதி மோசடி படுத்துவிடும். காணொளியில் போலீஸ் உடுப்போடு தோன்றி, "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டுகிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டியிருந்தது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் நாம் அப்பாவிடம் சொன்னோமா? அல்லது அவர் ஏமாந்த பிறகு திட்டுவதற்காகச் சேமித்து வைத்திருக்கிறோமா?

கைபேசி செய்கிறவர்கள் மேலும் குற்றம் இருக்கிறது, மறுக்கவில்லை. எறும்பு எழுத்து, இன்று இங்கிருக்கும் பொத்தான் நாளைக்கு வேறோர் இடத்தில். ஆனால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளவும் தமிழுக்கு மாற்றிக்கொள்ளவும் அதே கைபேசியில் வழி இருக்கிறதே! எத்தனை பிள்ளைகள் அந்த ஐந்து நிமிஷ உபகாரத்தைச் செய்தோம்?

இன்னும் கசப்பான ஒன்று உண்டு. சில வீடுகளில் பெரியவர்கள் கற்றுக்கொள்ளாமல் இருப்பது பிள்ளைகளுக்கு அனுகூலம். பென்ஷன் எவ்வளவு வந்தது, வைப்புத்தொகை எப்போது முதிர்ந்தது, எதற்குச் செலவாயிற்று என்பதெல்லாம் பிள்ளையின் விரல் நுனியில். கேட்டால், "உங்களுக்கு எதுக்குப்பா அந்தக் கவலையெல்லாம்?" இதற்குப் பெயர் பாசம்! நான் அந்த ரகமில்லை என்று மார்தட்டிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அப்பாவின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரிந்திருந்ததே?

சரி, பிறகு என்ன செய்தேன்? முதலில் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இது சுலபம் என்று நினைக்காதீர்கள், விரல்கள் துடிக்கும். தப்பாகத் தொட்டுவிட்டால் எப்படித் திரும்பி வருவது என்பதுதான் முதல் பாடம். திரும்பும் வழி தெரிந்தவனுக்குப் பயமில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு காரியம். அதையும் அவரே தம் கையெழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார், பழைய தபாலாபீஸ் வழக்கப்படி நம்பர் போட்டு. எனக்குப் பத்து ரூபாய் அனுப்புவார். நான் திருப்பி அனுப்புவேன். மறுபடியும் அனுப்புவார். ஒரு தடவை அது பால்காரருக்குப் போய்விட்டது. நான் பெருமூச்சு விட்டேன். அவர் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு நாள் தொடவில்லை. அந்த ஒரு பெருமூச்சு இரண்டு நாள் பாடத்தைத் தின்றது! அதற்கப்புறம் மூச்சைக் கூட நிதானமாக விடப் பழகினேன். மொத்தம் ஆறு வாரம் ஆயிற்று.

போன நவம்பரில், ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தாம் உயிரோடிருப்பதை அப்பா தாமே சர்க்காருக்கு அறிவித்தார். நோட்டுப் புத்தகம் மடியில் இருந்தது. நான் அறைக்கு வெளியே நின்றேன்.

சில நாள் கழித்து, மருந்து வாங்க அவரோடு நானும் போனேன். பணம் கொடுக்கும்போது பழக்கதோஷத்தில் அவர் தோள்மேல் எட்டிப் பார்த்தேன். அப்பா சட்டென்று கைபேசியை மார்போடு சாய்த்து மறைத்துக்கொண்டார். ரகசிய எண்ணை மாற்றிவிட்டாராம்.

"என்கிட்டே கூடவா?" என்றேன்.

"யார்கிட்டேயும் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு கணந்தான். பிறகு அவர் மருந்துச் சீட்டை வாங்கி, கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு, தொகையைச் சரிபார்த்தார். கடைக்காரனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.